மைகேயின் நான்காம் அத்தியாயம்

ட்ரெஸ்டன்,
மே மாதம், ஞாயிறு காலை

அன்பு மகன் ஃபால்க்குக்கு,

அம்மா எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறதா? நார்வேயில் இன்னும் குளிர் விடவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். மீன்பண்ணையில் ஈரக் காலுறையோடு நின்று காய்ச்சலை வாங்கிக்கொள்ளாதே. இங்கே என் முட்டிதான் மக்கர் பண்ணுகிறது. நாள் முழுக்க ட்ராம் ஓட்டுகிறவளுக்கு அது பெரிய தொல்லை. மற்றபடி சுகம்.

இதைப் போனில் சொல்லியிருப்பேன். ஆனால் கிறிஸ்துமஸ் சண்டைக்குப் பிறகு உன் தங்கை மைகே பேரை எடுத்தாலே நீ வானிலை பேச ஆரம்பித்துவிடுகிறாய். அப்பா போன பிறகு அவருடைய குத்தகைத் தோட்டத்தை உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் தோட்டச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்ற கோபம் உனக்கு. அதை நான் தப்பென்று சொல்லவில்லை. இருந்தாலும் இந்தக் கடிதத்தை முழுக்கப் படி.

வெள்ளிக்கிழமை மைகேயின் முனைவர் பட்டத் தேர்வு நடந்தது. பட்டமே கைநழுவிப் போகிற நிலைமை. அதை இழுத்துவிட்டுக்கொண்டவளும் அவளேதான்.

ஜெல்லி உருட்டுகிற படிப்பு என்று நீ கிண்டல் செய்வாயே, அதில் விஷயம் இருக்கிறது. மாவுத் துகள் மாதிரி பொடிப்பொடியான ஜெல் உருண்டைகளைத் தண்ணீருக்குள் விட்டு, அடியில் பூச்சுப் பூசிய கண்ணாடியில் உட்கார வைப்பாள். பூச்சு பிடித்து இழுத்தால், உன் பெரியப்பா சோபாவில் உட்கார்ந்த மாதிரி உருண்டையின் அடி தட்டையாகிவிடும். கீழேயிருந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் கருப்பு வட்டம், சுற்றிலும் வளையங்கள். வட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஒட்டும் பலம். உடம்புக்குள் வைக்கிற செயற்கை மூட்டின் பூச்சு ஈரத்தில்தானே கிடக்கப்போகிறது, காய்ந்த இடத்தில் அளந்து என்ன பிரயோஜனம்? ஒரே ஒரு நிபந்தனை, உருண்டை எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அதிக மெத்தென்று இருந்தால், அதே பலத்துக்கே வட்டம் பெரிதாகிவிடும்.

நான்காம் அத்தியாயம்தான் அவளுடைய பெருமை. இடுப்பு மூட்டுக்கான ஒரு பூச்சு மற்றவற்றைவிட மூன்று மடங்கு ஒட்டுகிறது என்று அதில் எழுதியிருந்தாள். அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் ஓர்ட்டெலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தேர்வாளர்களின் அறிக்கைகளும் புகழ்ந்து வந்துவிட்டன. அதை வைத்தே வேறொரு ஊரில் வேலைக்கும் கூப்பிட்டிருந்தார்கள்.

இங்கே பட்டம் வாங்குகிறவருக்கு, கூடவே வேலை செய்கிறவர்கள் ரகசியமாக ஒரு வேடிக்கைத் தொப்பி செய்வார்கள் இல்லையா? இவளுக்கும் யெட்டே என்கிற தோழி செய்துகொண்டிருந்தாள். தொப்பியின் உச்சியில் அந்த வளையங்களின் படத்தை ஒட்டலாம் என்று, குளிர்பெட்டியில் மீதியிருந்த பழைய உருண்டைகளை எடுத்து வெறும் கண்ணாடியில் வைத்துப் படமெடுத்திருக்கிறாள். வட்டம் இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருந்தது. வெறும் கண்ணாடி அப்படியெல்லாம் ஒட்டாது. பாவம் அந்தப் பெண், தொப்பி ரகசியத்தைக் காப்பதா, சொல்வதா என்று ஒரு நாள் முழுக்கத் தவித்துவிட்டு, கடைசியில் படத்தைக் கொண்டுபோய் மைகேயிடம் நீட்டிவிட்டாள்.

மைகே பார்த்த உடனே புரிந்துகொண்டாள். தண்ணீரில் கிடக்கக் கிடக்க ஜெல்லின் உள்கட்டு மெல்ல மெல்ல விட்டுப்போயிருக்கிறது. உருண்டைகள் செய்த அன்று அளந்த மென்மையை வைத்தே, பல மாதம் கழித்துக் கடைசியாகச் சோதித்த அந்தப் பூச்சுக்கும் கணக்குப் போட்டுவிட்டாள். மறுபடி அளந்து பார்த்தால், மூன்று மடங்கு போய் ஏதோ கொஞ்சம் கூடுதல் என்று நின்றது.

ஓர்ட்டெல் கெட்டவர் இல்லை. தேர்வு முடியட்டும், பிறகு ஒரு திருத்தம் வெளியிடலாம் என்றார். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். நீ எழுதியதை அவர்கள் திருப்பிக் கொடுத்து, போய்விட்டு வா என்று சொன்னால் என்னடி செய்வாய் என்று கேட்டேன். திரும்ப எழுதுவேன் என்றாள், அவள் அப்பாவின் குரலிலேயே. பிடிவாதம் எங்கிருந்து வந்ததென்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வணக்கம் சொன்ன கையோடு நான்காம் அத்தியாயத்தைத் திரையில் காட்டி, இதில் உள்ள முக்கியமான முடிவு தவறு, தவறு என்னுடையது என்றாள். பிறகு எப்படித் தவறியது, சரியான எண் என்ன, இனிமேல் உருண்டையின் மென்மையை ஒவ்வொரு தடவையும் அளந்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் க்ரால் என்ற அம்மாள். அந்தப் பேரைக் கேட்டாலே மாணவர்கள் தேர்வுத் தேதியை மாற்றப் பார்ப்பார்களாம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்:

"இதை நீங்க இன்னைக்குச் சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"அந்த எண்ணை நம்பி நாளைக்கு யாராவது ஒருத்தர் இடுப்புல மூட்டு வெச்சுக்குவாங்க."

அப்புறம் எங்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நடையில் மைகே ஜன்னலோரமாக நின்றாள். ஓர்ட்டெல் என் பக்கம் வந்து, நான் வேறுமாதிரிதான் சொல்லியிருந்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கதவு திறக்கிறவரை என் உயிர் என்னிடத்தில் இல்லை.

கொடுத்துவிட்டார்கள், ஃபால்க்! மிக உயர்ந்த தரம் இல்லை, அதற்கு ஒரு படி கீழே. அச்சுக்குப் போகும் முன் நான்காம் அத்தியாயத்தைத் திருத்த வேண்டும் என்று நிபந்தனை. க்ரால் அம்மாள்தான் முதலில் பாராட்டாக மேசையைத் தட்டினார். பிறகு கூடமே தட்டியது. நான் தட்டிய தட்டில் விரல் முட்டி சிவந்துவிட்டது. என் வயிற்றில் பிறந்த பிள்ளை என்று அங்கேயே எழுந்து கத்தவேண்டும்போல் இருந்தது.

அந்த வேலை போய்விட்டது, மூன்று மடங்கை நம்பிக் கூப்பிட்டவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். அதைப் பற்றி அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விட்டது வேறொன்றுக்கு.

விருந்தெல்லாம் முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த தட்டிலேயே கண்ணீர் விழுந்தது. பிறகு சொன்னாள்:

"தோட்டத்தை அவனைக் கேக்காம குடுத்தது தப்புதாம்மா. அப்பா செடிங்களைப் பாக்கவே என்னால முடியல. அவனுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

போனை எடுத்து அவனிடமே சொல் என்றேன். எடுத்தாள். வைத்துவிட்டாள். அத்தனை பேராசிரியர்கள் முன்னால் நடுங்காத பிள்ளைக்கு, அண்ணன் எண்ணை அழுத்த விரல் வரவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும்வரை பொறு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஆகவே இனி அவள் காத்திருக்க வேண்டியதில்லை. நீயே கூப்பிடு, கண்ணா. மன்னிப்பெல்லாம் கேட்க வைக்காதே. டாக்டர் மைகே இருக்கிறாரா என்று மட்டும் கேள்.

நீ எந்தக் கடலோரத்தில் இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உங்கள் இரண்டு பேர் சிரிப்பையும் ஒரே நேரத்தில் கேட்கிற பாக்கியம் எனக்கு வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் அம்மா
குட்ரூன்