சிக்னல் கம்பியில் ஏறிய அவரைக்கொடி

ரயில்வே குவார்ட்டர்ஸ்,
10-2-1957

சிரஞ்சீவி அர்த்தநாரிக்கு அப்பா சின்னையன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கச்சி ராமாத்தாள் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். ஹூப்ளியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாரியாத்தாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். பொங்கல் கழிந்து நீ இந்தப் பக்கம் வந்துபோன பிறகு உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை. வண்டியிலிருந்து தபால் பையை இறக்குகிறவன் நானே ஆகையால் கடிதம் எங்கேயோ தவறிப் போயிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. நீ ஏன் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் பேனாவை எடுத்ததும் கை வேறு பக்கம் போகிறது, அதனால் முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த வருஷம் போதும் போதும் என்கிற அளவுக்கு அடிக்கிறது, பச்சைக்கொடியை விரித்துப் பிடித்தால் ஆளையே இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. ராமாத்தாளுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து இடம் முடிவாகிவிட்டது, நல்ல குடியானவக் குடும்பம், பையன் நிலத்தில் இறங்கிப் பாடுபடுகிறவன், வைகாசியில் கல்யாணம். தேர்தல் நெருங்கிவிட்டதால் ஸ்டேஷன் மதில்கூட மிச்சமில்லை, எல்லா இடத்திலும் சுண்ணாம்பும் காவியும்தான். நூஹு ராவுத்தர் டீக்கடையில் வழக்கம்போல் நான்தான் பேப்பர் படித்துச் சொல்கிறேன். ஒரு பெஞ்சில் இரட்டைக்காளைச் சின்னத்துக்காரர்கள், எதிர் பெஞ்சில் கதிர் அரிவாள் சின்னத்துக்காரர்கள், நடுவில் நான். நம்மைக் கேரளத்தோடு சேர்த்தது நல்லதா கெட்டதா என்று தினமும் வாய்ச்சண்டை நடக்கிறது. எந்த ராஜ்யம் வந்தா என்னாங்க, டீக்குச் சக்கரை நாந்தானே போடணும் என்று ராவுத்தர் சொல்லிச் சிரிக்கிறார். என்னைக் கேட்டால், நான் நின்ற இடத்தை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை, அதே லீவர், அதே கொடி, அதே பாலக்காட்டு வண்டி, அதே பொள்ளாச்சி வண்டி. மேலே இருக்கிறவர்கள் எல்லைக் கோட்டை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பேப்பர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கார்த்திகையில் அரியலூரில் பாலம் இடிந்து வண்டி ஆற்றில் விழுந்த செய்தியை நான்தான் கடையில் படித்தேன். நம் ஆட்கள் எத்தனை பேர் அதில் போனார்களோ. பிறகு ரயில்வே மந்திரி பதவியை விட்டுவிட்டார் என்று வந்தபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டு நான் ஒரு பிரசங்கமே செய்தேன். அந்தப் பாலத்தை அவர் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டார், ஆனாலும் பொறுப்பு என்னுடையது என்று முன்னால் வந்து நின்றார் பாருங்கள், அவரல்லவா மனுஷர் என்றேன். இரண்டு பெஞ்சுக்காரர்களும் தலையாட்டினார்கள். இப்போது அந்தக் கடைக்குப் போகவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சுற்றி வளைத்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சிக்காகப் பெரிய துரையோடு டிராலியில் நம் லைனுக்கு வருகிறேன், துரையிடம் கேட்டுக்கொண்டு மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை உன் அம்மா என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அன்றைக்கு விடியும் முன்பே பருப்பும் வெல்லமும் அரைத்து வைத்து ஒப்பிட்டுக்கு மாவு பிசைந்தாள். துரைமார் இருக்கும்போது வேலி தாண்டி வந்துவிடாதே, கண்ணு என்று கூப்பிட்டு வைக்காதே, அவன் இப்போது அசிஸ்டெண்ட் இஞ்சினியர் என்று அவளுக்கு ஆயிரம் பாடம் சொன்னேன். அவள் பாட்டுக்கு மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். துவைத்த நீலச் சட்டை, தேய்த்த பித்தளை பில்லை என்று மாப்பிள்ளை போலத்தான் பிளாட்பாரத்தில் நின்றேன்.

என் அவரைப் பந்தல் உனக்குத் தெரியும். டியூட்டி முடிந்தால் எனக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது, சீட்டாட்டமா, சேவல் கட்டா. இந்த மார்கழியில் அது காய்த்த காய்ப்பைப் பார்த்து பாசஞ்சர் வண்டி டிரைவர்கூட இறங்கி வந்து ஒரு துண்டு நிறைய வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கொடி வேலியைத் தாண்டி சிக்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனதை நான் பார்க்காமல் இல்லை. பூவும் பிஞ்சுமாக இருந்தது, கிள்ள மனசு வரவில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். கம்பி ஓடுகிற உருளையில் அது சுற்றிக்கொள்ளும் என்று இத்தனை வருஷம் சர்வீஸ் போட்டவனுக்குத் தெரியாதா. துரை லீவரை இழுக்கச் சொன்னார், இழுத்தேன், சிக்னல் கை பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டது. அரியலூருக்குப் பிறகு அவர்கள் ஊர் ஊராக அலைவதே இந்த மாதிரிக் கோளாறைக் கண்டுபிடிக்கத்தானே. அவர் கம்பியோடு நடந்து போய்க் கொடியைக் கண்டுபிடித்தார். அங்கிருந்தே ஆரம்பித்தார். ரயில் ஓட்டுகிறாயா தோட்டம் போடுகிறாயா, உன் அவரைக்காய்க்கு ஒரு வண்டி ஜனம் சாக வேண்டுமா, உன்னையெல்லாம் எவன் வேலைக்கு வைத்தான் என்று ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி திட்டினார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மெமோவும் வந்துவிட்டது, தலை குனிந்து வாங்கிக்கொண்டேன், அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் அவருக்குப் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நீ நின்றாய்.

திட்டி முடித்து அவருக்கே மூச்சு வாங்கியது. பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ உன்னைப் பார்த்து, உனக்கு இந்தப் பக்கம்தானே சொந்த ஊர் என்று கேட்டார். நீ ஒரு நொடிகூடத் தயங்காமல், இதே ஊர்தான் சார் என்று சொல்லி என்னைப் பார்த்தாய். மேலே சொல்ல உன் வாய் திறந்ததை நான் பார்த்தேன். அதற்குள் அவர் என் பக்கம் திரும்பிவிட்டார். அப்படியா, ஏனப்பா, இந்த ஐயாவை உனக்குத் தெரியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குத் தெரியாதுங்க, பெரிய எடத்து ஆளுக, எங்களுக்கு எப்படீங்க தெரியும் என்று சொன்னது நான்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. உன் வாய் மூடிக்கொண்டது. நீ அந்தச் சப்பாத்துக் காலோடு மண்ணில் மண்டி போட்டு, உருளையில் சிக்கியிருந்த கொடியை உன் கையாலேயே பிய்த்து எடுத்தாய், டிராலிக்காரர்கள் ஓடி வந்தும் விடவில்லை. பிறகு டிராலியில் ஏறி உட்கார்ந்தாய். திரும்பிப் பார்ப்பாய் என்று நின்றேன். எப்படிப் பார்ப்பாய், உன்னைத் தெரியாதவனைத் திரும்பிப் பார்க்க உனக்கு என்ன வேலை.

உன் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வீட்டுக்குள் போனதும் அவள் சத்தம் போடவில்லை. பெத்த பையனத் தெரியாதுன்ட்டு வந்து நிக்கறீங்களே, எப்படீங்க மனசு வந்துச்சு என்று மட்டும் கேட்டாள். உனக்காகச் செய்த ஒப்பிட்டை லைன் வேலை பார்க்கும் கேங்க் ஆட்களுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள், எனக்கு ஒன்றும் வைக்கவில்லை. நான் கோபம் தீர அந்த அவரைப் பந்தலை வேரோடு பிடுங்கிப் போட்டேன், அதற்கும், கொடி என்னங்க பண்ணுச்சு என்றாள். அன்றிலிருந்து வேளாவேளைக்குத் தட்டு வருகிறது, பேச்சு வருவதில்லை. ராமாத்தாளை நடுவில் வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டருக்கும் நீ யார் என்பது தெரியும், அன்றைக்குத் துரையிடம் என்னைக் காட்டிக்கொடுக்காதவர் மறுநாள் என்னைக் கூப்பிட்டு, சின்னையா, சொந்தம் மகனை அறியில்லான்னு பறஞ்ஞல்லோ, கஷ்டம் என்று தன் மலையாளத்தில் சொன்னார். கேங்க் மேஸ்திரி கருத்தப்பாண்டி மட்டும் என் பக்கம் பேசினான். விடுங்கண்ணே, மகன் மேல தூசி படக்கூடாதுன்னுதானே அப்படிச் சொன்னீக, தகப்பன்னா அப்படித்தான் என்றான். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இரண்டு நாள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சோறு இறங்கியது.

மூன்றாம் நாள் லீவர் பக்கத்தில் தனியாக நிற்கும்போது அது பொய் என்று தெரிந்துவிட்டது. உன் மேல் தூசி படும் என்று நான் அந்த நிமிஷத்தில் நினைக்கவே இல்லை, கண்ணு. எல்லோர் முன்னாலும் வசவு வாங்கியவன்தான் இந்த இஞ்சினியருக்கு அப்பனா என்று துரை என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். நான் பார்த்துக்கொண்டது என் மானத்தை. நீ என்னைச் சொல்ல வெட்கப்படவில்லை, வாயைத் திறந்துவிட்டாய், நான்தான் அதை மூடினேன். உன்னைப் படிக்கவைத்து ஆளாக்கினேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன், அப்படி ஆளான நீ எதிரில் வந்து நின்றபோது ஒளிந்துகொண்டேன். இதை எழுதும்போதே முகம் எரிகிறது. அடிக்க வேண்டும் என்றால் என்னை நீ அடிக்கலாம், நான் கை தூக்க மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் முகூர்த்தம் பேச வந்தார்கள். உங்க பையன் தொரையோட வந்தாராமே, ஊட்டுக்கு வரலீங்களாமா என்று பையனுடைய அப்பா கேட்டார். டியூட்டி அவசரம் என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. உன் அம்மா கதவோரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன், தெரியாது என்று சொன்னது வரைக்கும். அவர் வெற்றிலைத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, கண்ணாலத்துக்குள்ள பையனக் கூட்டிட்டு வந்துருங்க, பொண்ணுக்கு அண்ணன் இல்லாம நல்லா இருக்காதுங்க என்றார். ராமாத்தாள் அதைவிடக் கறாராக இருக்கிறாள். அண்ணன் வராமல் மணையில் உட்கார மாட்டாளாம், வேண்டுமானால் மாப்பிள்ளை வீட்டாரை இன்னொரு பெண் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்கிறாள். அவள் சொன்னால் செய்கிறவள் என்பது உனக்குத் தெரியும், அந்தப் பிடிவாதம் உன் அம்மாவிடமிருந்து வந்தது. ஆனால் தங்கச்சிக்காக வா என்று உன்னைக் கட்டிப்போட எனக்கு இஷ்டமில்லை. என் மேல் கோபம் தீராமல் வந்து, பந்தலில் ஊராருக்காக என்னோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவதைவிட, நீ வராமல் இருப்பது மேல் என்றுகூடத் தோன்றுகிறது. இல்லை, அதையும் பொய்யாகத்தான் எழுதுகிறேன். எப்படியாவது வா. கோபத்தோடு வந்தாலும் வா.

அப்பன் என்கிற உரிமையில் புத்தி சொல்ல இனி எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு நீயும் லைனில் போய்ச் சோதனை பார்க்கிற பெரிய துரையாவாய். தப்பு செய்தவனைக் கண்டிக்காமல் விடாதே, விட்டால் ஜனங்கள் சாவார்கள். ஆனால் திட்டுவதற்கு முன்னால் அவன் வீட்டு ஆட்கள் யாராவது அக்கம்பக்கத்தில் நிற்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டு திட்டு. மற்றபடி அங்கே ராத்திரிக் குளிர் அதிகம் என்று சொல்கிறார்கள், காதை மூடிக்கொண்டு தூங்கு. சோள ரொட்டி ஒத்துக்கொள்ளாவிட்டால் பிடிவாதமாகத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. உன் அம்மா இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வரி எழுதச் சொன்னாள், ராமாத்தாள் மூலமாகத்தான். உங்கப்பனுக்காக இல்ல கண்ணு, நானு ஒப்பிட்டுச் சுட்டு வெச்சுட்டுக் காத்துட்டு இருக்கேன், அதுக்காச்சும் வா என்பது அந்த வரி.

நீ நீண்ட ஆயுசோடும் நல்ல பேரோடும் இருக்க வேண்டும். ஒரு கார்டாவது போடு, வருகிறேன் என்று எழுத மனசில்லாவிட்டால் சுகம் என்று மட்டும் எழுது. இன்னொன்று. இதுவரை உன் ஆபீசுக்குப் போட்ட கவர் எதிலும் அனுப்புகிறவன் பெயரை நான் எழுதியதே இல்லை, ஒரு பாயிண்ட்ஸ்மேன் நம் ஐயாவுக்கு ஏன் கடிதம் போடுகிறான் என்று உன் பியூன் கேட்பானே என்றுதான். நீ அதைக் கவனித்திருப்பாய், பெரிய மனசோடு கேட்காமல் விட்டிருப்பாய். இந்தக் கவரில் எழுதியிருக்கிறது. அங்கே தமிழ் தெரியாதவர்களும் படிக்க வேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்து இங்கிலீஷில் எழுதி வாங்கினேன். பெயரும் வேலையும் எழுதிவிட்டு இது போதுமா என்று கேட்டார். போதாதுங்க சார், அவனுக்கு நான் என்ன முறை என்பதையும் போடுங்கள் என்றேன். போட்டார்.

இப்படிக்கு,
அர்த்தநாரியின் அப்பன்
சின்னையன், பாயிண்ட்ஸ்மேன்