அலமாரிக்குள் ஒரு தாலாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், என் துணி அலமாரி ஒலிப்பதிவுக் கூடமாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது. உன் முட்டி வலி தேவலையா? அக்காவும் குழந்தையும் நலமா? நான் நலம். முகம்கூடப் பூரித்துத்தான் இருக்கிறது.

குழந்தைக்கு நான் கட்டிய தாலாட்டைப் பதிவு செய்யத்தான் இத்தனையும். வெளிச்சத்தம் நுழையாமலிருக்க, என்னோடு தங்கியிருக்கும் வெல்டர் அண்ணனின் மெத்தையை அலமாரிக்குள் செருகி, கிட்டாரோடு உட்கார்ந்து செல்போனில் பாடிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து தூங்க வந்தவர் வெறுங்கட்டிலைப் பார்த்துவிட்டார்.

"எங்கடா என் மெத்தை?"

ஒரே உதையில் அலமாரிக் கதவு பெயர்ந்தது. முடியைப் பிடித்து என்னை வெளியே இழுத்தார். கிட்டாரைக் கட்டிலில் ஓங்கி அடித்தார். அறுந்த கம்பி என் கன்னத்தைக் கிழித்தது. நான் சும்மா விடுவேனா? சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தி, மூக்கிலேயே விட்டேன் ஒரு குத்து. ரத்தம் கொட்டியது. "போதும், விட்டுடு" என்று ஆள் கெஞ்சினார்.

உன் பழைய போர்வை இரண்டு அனுப்பு, மெத்தைக்குப் பதிலாக. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

பாட்டை அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன். செல்போனை அணைக்க நேரமில்லாததால் சண்டை முழுக்கக் கடைசி வரியோடு சேர்ந்தே பதிவாகிவிட்டது. வெட்டத் தெரியாமல் வெட்டினால் பாட்டும் போய்விடும். எப்படியும் கேட்கப்போகிறாய், நானே சொல்லிவிடுகிறேன். குத்து வாங்கிய மூக்கு என்னுடையது. கெஞ்சியதும் நான்தான். "அம்மா" என்று தெருவே கேட்க அலறுவது வெல்டர் அண்ணன் இல்லை.

உன் மகன்