நீ திறக்கவைத்த கதவு

மச்சி,

நேற்று அந்த நீர்மூழ்கிக் கப்பல் தொடர் இணையத்தில் அகப்பட்டது. நம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற அதே பழைய அமெரிக்கக் குப்பை. கடலடி என்று அவர்கள் காட்டுவது மீன்தொட்டி. கப்பலில் அடி விழுந்தால் கேமராவைச் சாய்க்கிறார்கள்; டவுன் பஸ்ஸில் திடீர் பிரேக் போட்டது மாதிரி நடிகர்கள் சுவரில் போய் விழுகிறார்கள். இதற்கா உன் வீட்டு மொசைக் தரையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்? தூ!

இருந்தாலும் அந்த ஒரு வாரம். நந்தனம் கல்லூரியில் நமக்கு முதல் வருஷம். கப்பலில் ஓர் அறைக்குள் தண்ணீர் ஏறுகிறது, உள்ளே கேப்டனின் சிநேகிதன். கதவைத் திறந்தால் கப்பலே மூழ்கலாம்; திறக்காவிட்டால் அவன் சாவான். கேப்டன் கதவில் கை வைக்கிறான். மணி பத்து. நம் மேற்கு மாம்பலம் கேபிள்காரர், வழக்கம்போல, அதே சேனலில் தன் கேசட்டைப் போட்டுத் தொலைத்தார். திரையில் ஏதோ குத்துப்பாட்டு.

"இரு மச்சி, பாத்துட்டு வரேன்" என்று அடுத்த தெருவிலிருந்த அவர் அறைக்கு ஓடினாய். அங்கே ஒரு டிவியில் டிஷ்ஷிலிருந்து நேராகப் படம் வரும். மூச்சிரைக்கத் திரும்பி வந்தாய்.

"தொறந்துட்டான் மச்சி! இன்னா ஆனாலும் ஆவட்டும்னு தொறந்துட்டான்!"

"நூறு பேரை வெச்சிக்கினு ஒருத்தனுக்காகத் தொறப்பானா? லூசுப் பய."

"நீயா இருந்தா? உள்ள நான் கீறேன்னு வெச்சிக்கோ."

"மாட்டேன்."

உன் முகம் விழுந்துபோனதைப் பார்த்தும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுதான் முடிவைப் பார்த்தேன். அவன் திறக்கவே இல்லையடா, புளுகா! கையை எடுத்துக்கொண்டு நிற்கிறான். சிநேகிதன் வேறு வழியாக, தலைமுடிகூட நனையாமல், இளித்துக்கொண்டே வருகிறான். வெட்கங்கெட்ட முடிவு. அந்தக் கேப்டனைக் காறித் துப்பலாம் என்று வாயெடுத்தேன், முடியவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டாய். நான் மீட்டிங்கில் இருந்தேன். 'இவனுக்கு வேற வேலையில்ல, பழங்கதை பேசுவான்' என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். மீட்டிங் எதைப் பற்றி என்பதுகூட இப்போது ஞாபகமில்லை. மறுநாள் காலை உன் தங்கைதான் கூப்பிட்டாள், நீ போய்விட்டாய் என்று சொல்ல.

நீ கதை கட்டிவிட்ட அந்தக் கேப்டனைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். தினமும் அவன் கதவைத் திறக்கிறான். அன்று பொய் சொன்னவன் நீ, மச்சி. நான் சொன்ன 'மாட்டேன்' அப்படியே பலித்துவிட்டது.