உள்ளே விட்ட துணி

ஆகஸ்ட் 4

என் நத்தைக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் நீ மூச்சு விடுவது மட்டும்தான் கேட்கிறது. நானும் எத்தனை நேரம்தான் உன் மூச்சோடு பேசிக்கொண்டிருப்பது? அதனால் பழையபடி கடிதம்.

இலையுதிர் காலத்தில் எங்கள் தையல் ஆலைக்கு விடுமுறை விடுகிறார்கள். நானும் உங்கம்மாவும் பிரிந்து, நான் கடல் தாண்டி இங்கே துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக வந்ததிலிருந்து உன்னோடு ஒரு வேளைகூடச் சேர்ந்து சாப்பிட்டதில்லை. இந்த முறை நாம் இருவரும் எங்காவது போகலாம். ஜப்பான், இல்லாவிட்டால் கொரியா. நீ சொல்வதுதான் முடிவு.

கொரியாவில் மலை முழுக்க இலை சிவந்து நிற்குமாம். ஜப்பானில் இருட்டிய பிறகும் பெண்பிள்ளைகள் தனியாகச் சைக்கிளில் போவார்களாம். நீ இப்போதும் சைக்கிள் ஓட்டுகிறாயா? சின்ன அறையில் இரண்டு பேர் இருந்தால் உனக்கு மூச்சு முட்டுமா?

கோட்டு தைத்து அனுப்புகிறேன். உன் அளவை எழுது. பாஸ்போர்ட்டுக்கு அம்மாவின் கையெழுத்து வேண்டும், நீயே கேள். நான் கேட்டால் ஊசியை எடுத்துக்கொண்டு வருவாள்.

அன்புடன்,
அப்பா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் இருமல் நின்றதா?

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. விமானம் என்றால் பயம். அதைவிட, விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் எதற்கு வந்தாய் என்று கேட்பாராமே, அது பயம். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால்தானே பள்ளிக்கூடமே நின்றது. அந்தக் கண்ணாடிக்காரர் முன்னால் அடைத்துக்கொண்டால் என்ன செய்வார்கள்? எந்த நாட்டில் குறைவாகக் கேள்வி கேட்பார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். அந்த நாட்டுக்கே போகலாம்.

அம்மா தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். "ஜப்பானா கொரியாவா? நம்ம கடைக்கு என்ன கலர் பெயின்ட் அடிக்கிறதுன்னு முடிவு பண்ணவே உங்கப்பாவுக்கு ஒரு வருஷம் ஆச்சு. இப்ப நாட்டையே உன் தலையில கட்டிட்டாரா?"

பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்கா, "போடி, போய்ட்டு வா. எனக்கு ஒரு சிவப்பு இலை மட்டும் கொண்டா, லேமினேஷன் பண்ணி மாட்டிக்கிறேன்" என்றாள். அம்மா சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். அம்மா அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டாள். "நீ எப்பத் திரும்பி வருவேன்னு கேட்டு எழுது" என்றாள்.

எப்போது திரும்பி வருவேன், அப்பா?

அளவு தனித்தாளில் இருக்கிறது. நானே எடுத்தது, தோள் மட்டும் அம்மா.

இப்படிக்கு,
நத்தை


செப்டம்பர் 1

நத்தைக்குட்டி,

தோள் அளவு ஒன்றுதான் சரியாக இருந்தது. மற்றதெல்லாம் நீ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுத்திருக்கிறாய். நானாகக் கொஞ்சம் கூட்டி வெட்டிவிட்டேன்.

கண்ணாடிக்காரருக்குப் பயப்படாதே. நான் பக்கத்தில் நிற்பேன்.

ஒன்று யோசித்துப் பார். ஜப்பானில் யாருக்கும் உன் பாஷை தெரியாது. நீ பேசாமல் இருந்தால் அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள், வெளியூர்ப் பெண் என்று நினைத்துக்கொள்வார்கள். எல்லோரும் முதல் எழுத்திலிருந்து படிக்கிற வகுப்புகள்கூட இருக்கின்றன. உன் வயதுப் பிள்ளைகளும் வருவார்கள். அங்கே அறைக்கு வாசல் பக்கம் சின்னதாக ஒரு ஜன்னல், வெளிச்சம் நன்றாக வரும், மெஷின் போடலாம். கொரியாவும் நல்ல நாடுதான். இலை சிவப்பாக இருக்கும்.

கோட்டுக்குக் காஜா எடுக்காமல் அனுப்புகிறேன். பொத்தான் துளை போடுவதில் உன் கை என் கையைவிட நயம்.

அப்பா


செப்டம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

கோட்டு வந்தது. அம்மா நூல் வாங்கப் போயிருந்தாள். நான்தான் பார்சலைப் பிரித்தேன்.

போட்டுப் பார்த்தேன். தோளில் அப்படியே உட்கார்ந்தது. பிறகு நம் வீட்டுப் பழக்கம், உள்ளே திருப்பிப் பார்த்தேன். உள்ளே வைக்கும் லைனிங் துணியை அடியில் தைக்காமல் விட்டிருந்தீர்கள். தூக்கிப் பார்த்தால், அடி மடிப்புக்குள் என் உள்ளங்கை அகலத்துக்குத் துணி. கை மடிப்பிலும் அதே. பக்கத் தையலில்கூட இரண்டு விரல் விட்டிருக்கிறீர்கள்.



வளர்கிற பிள்ளைக்குத்தான் உள்ளே துணி விட வேண்டும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். வருஷா வருஷம் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்பீர்கள். ஒரு விடுமுறைக்கு எதற்கு அப்பா இவ்வளவு துணி? இது இரண்டு மூன்று குளிருக்குப் போட்டுக்கொள்ளத் தைத்த கோட்டு.

உங்கள் கடிதங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கொரியா என்றால் இலையைப் பற்றி எழுதுகிறீர்கள். ஜப்பான் என்றால் அறை, சைக்கிள், வகுப்பு, மெஷின் போடுகிற ஜன்னல். எப்போது திரும்புவேன் என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

அம்மா இந்தக் கோட்டைப் பார்க்கக்கூட வேண்டாம், தொட்டாலே தெரிந்துவிடும். வெட்டுப்பலகைக்குக் கீழே, வெட்டுத்துணி மூட்டைக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன். அம்மா அந்தப் பக்கம் குனிந்தாலே நான் முந்திக்கொண்டு போய் நிற்கிறேன்.

இன்னொரு பயமும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று எழுதினீர்களே, அதைப் படித்தபோது ஒரு நிமிஷம் எனக்கு அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது. அப்போது உள்ளே மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நத்தை


செப்டம்பர் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பதில் வரும்வரை காத்திருக்க என்னால் முடியவில்லை. பதில் வந்தால் நான் உங்கள் பேச்சுக்குத் தலையாட்டிவிடுவேன்.

அம்மாவின் பெரிய கத்தரியை எடுத்து, அடியிலும் கையிலும் பக்கத்திலும் விட்டிருந்த துணியை வெட்டிவிட்டேன். தையலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் மிச்சம். வெட்டும்போது அழுகை வந்தது. நல்ல துணி அப்பா. பிறகு மடித்துத் தைத்தேன், காஜாவும் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா அடியைத் திருப்பினாள். "என்னடி இது, உங்கப்பா துணி விடறதுல எப்பலேருந்து இவ்வளவு கஞ்சனானாரு?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் முதலில் தைத்திருந்த தையல், மேலே ஓர் உள்ளங்கை உயரத்தில், புள்ளி புள்ளியாகத் தடம் விட்டிருந்தது. அதன் மேல் அம்மாவின் கட்டைவிரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போனது.

அம்மா இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போட்டு, அந்தத் தடத்தின் மேல் வைத்து அழுத்தினாள். தடம் போய்விட்டது. "ம், போட்டுக் காட்டு" என்றாள். போட்டுக் காட்டினேன். பொத்தானை எல்லாம் அவளே போட்டுவிட்டாள், சின்னக் குழந்தைக்குப் போடுவதுபோல.

கொரியாவுக்குப் போகலாம் அப்பா. எனக்கு இலை பார்க்கிற நாடு போதும். உங்களோடு ஒரு வேளை இல்லை, நிறைய வேளை சாப்பிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்புகிற டிக்கெட்டும் சேர்ந்து வந்தால்தான் வருவேன். வராவிட்டால் கோட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன். கோபம் வந்தால் போன் செய்து திட்டுங்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வெட்டிய துண்டுகளை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன்.

உங்கள்,
நத்தை


அக்டோபர் 6

நத்தைக்குட்டி,

துண்டுகள் வந்தன. மேஜையில் நீட்டி வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் கத்தரி நடுங்கியிருக்கிறது, மற்றபடி நேராக வெட்டியிருக்கிறாய்.

கொரியாவுக்கே போகலாம். போகிற டிக்கெட்டும் வருகிற டிக்கெட்டும் இதோடு இருக்கின்றன. தேதியை உங்கம்மாவிடம் காட்டு. ஜப்பானில் எனக்குக் கிடைத்திருக்கும் வேலைக்கு நான் மட்டும் வருவதாக அங்கே சொல்லிவிட்டேன்.

திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நான் கேட்காமல் துணி விட்டேன், நீ கேட்காமல் வெட்டினாய்.

அடுத்த வருஷம் கை நீளம் போதவில்லை என்றால் எழுது. புதிதாகவே தைத்துவிடலாம். தோள் அளவை மட்டும் அம்மாவையே எடுக்கச் சொல்.

அப்பா