கதவைத் திறந்த மகளுக்கு

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம், நீ அங்கே உடம்பாலும் மனசாலும் தெம்பாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. போனில் பேசினால் அப்பா பாதியில் பிடுங்கிக்கொள்கிறார், அதனால் எழுத உட்கார்ந்தேன்.

நேற்று நீ ஏதோ கடைக்குப் போய்வந்ததைப் போல அந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய், அதற்கப்புறம் எனக்கு வேலையே ஓடவில்லை. வெளிநாட்டுக்குப் படிக்கப் போன புதிதில், பக்கத்து அறைப் பெண்ணின் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு போனதற்கு, முகத்தில் அடித்தாற்போல் வெளியே போகச் சொல்லிவிட்டாள் என்று அழுதாய். “ஒரே வீட்ல ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கிட்டு என்னம்மா வாழ்க்கை, நான் திரும்பி வந்துடறேன்” என்று நீ தேம்பியபோது எனக்கும் வந்துவிடச் சொல்லத்தான் வாய் வந்தது. நம் வீட்டில் குளியலறையைத் தவிர எதற்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம்? ஆனால் நீ வரவில்லை. அவளிடமே போய், எனக்கு இது பழக்கமில்லை, தப்பு செய்தால் நீயே சொல்லு என்று கேட்டாய். தட்டிவிட்டுக் காத்திருக்கக் கற்றுக்கொண்டாய். அவளும் தனக்குச் சர்க்கரை நோய் என்றும் தினமும் ஊசி போட்டுக்கொள்வதாகவும் உன்னிடம் மட்டும் சொல்லுமளவுக்கு நெருங்கிவிட்டாள்.

நேற்று நீ சொன்ன அந்தக் காலையில் அவள் வகுப்புக்குக் கிளம்பவில்லை, தட்டினாய், பதிலில்லை. கூட இருக்கும் பெண்கள் தூங்குகிறாள், தொந்தரவு பண்ணாதே என்றார்களாம். அங்கே படித்த மரியாதை ஒரு பக்கம், வீட்டில் வளர்ந்த மனசு ஒரு பக்கம் இழுக்க, நீ திறந்தாய். சர்க்கரை இறங்கி வேர்த்துக்கொட்டி, கூப்பிட்டும் கண் திறக்காமல் கிடந்தவளைப் பார்த்து அலறாமல், வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாய். பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ரத்தம் எடுக்கிற எனக்கே இவ்வளவு நிதானம் வந்திருக்காது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லையாமே. அவர்கள் பழக்கத்தைக் கற்றதும் நீதான், அதை எப்போது மீறணும் என்று கண்டுபிடித்ததும் நீதான். அதை நான்கூட உனக்குச் சொல்லித்தரவில்லையடி.

அப்பா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது நீ கதவை உடைத்தே விட்டாய்.

குளிரில் காதை மூடிக்கொள்ள மறக்காதே. நீ நூறு வயசு நன்றாக இருக்கணும், அந்தப் பெண்ணும் இருக்கணும். என் சார்பாக அவள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணு, ஆனால் கேட்டுவிட்டு வை.

உன்னை நினைத்துத் தலைகால் புரியாமல் இருக்கும்,
அம்மா