அந்த அரைக் கிலோ

மச்சான்,

இன்று காலை பேராதனை வீதியில் டாக்டரின் தராசில் ஏறினேன். முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத் தாதிப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ உன் ஞாபகம். நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. என் தொந்தியை மதித்த ஒரே மனிதன் நீதான்.

மலைநாட்டில், கட்டுகஸ்தோட்டையில் லொறி திருத்திக்கொண்டிருந்த நீ, திருகோணமலைக் கடலில் வேகப்படகுப் போட்டிக்குப் பெயர் கொடுத்ததும் ஊரே சிரித்தது. அதிகம் சிரித்தது நான்தான், இப்போது ஒத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் இரண்டு பெரிய என்ஜின் மாட்ட, நீ ஒற்றைச் சின்ன என்ஜினைப் பூட்டினாய். கேட்டதற்கு, "அலையும் ஹேவாஹெட்ட ரோடு மாதிரிதான்டா. ஏத்தம், எறக்கம். பாரம் கூடினா மூக்கு குத்தும்" என்றாய்.

அந்த வருடம் பார்த்துச் சட்டத்தை மாற்றினார்கள். பந்தயம் முடிந்ததும் ஆட்களோடு சேர்த்துப் படகை எடை பார்ப்பார்களாம்; குறித்த எடைக்குக் குறைந்தால் வெளியே. மணல் மூட்டையும் கூடாதாம். காலையில் எடை போட்டுப் பார்த்தால், உன் எலும்பு உடம்பையும் சேர்த்து ஓர் ஆள் பாரம் குறைந்தது.

"மலைக்குத் திரும்பித் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போங்கோ அண்ணை" என்றான் கரையில் நின்ற ஒருவன். உன் முகம் கறுத்துப்போனது. பிறகு, வேடிக்கை பார்க்க வந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"ஏறுடா."

"எனக்கு நீந்தத் தெரியாதேடா!"

"நீந்தவா சொன்னேன்? சும்மா குந்து."

நடுக்கடலில் பெரிய என்ஜின்கள் அலைக்கு அலை பறந்து விழுந்து, இரண்டு படகைத் தவிர மற்றவை ஒவ்வொன்றாக நின்றன. நீ மட்டும் வளைவில் லொறி ஓட்டுவதுபோல் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் போனாய். என் வயிறும் கூடவே ஏறி இறங்கியது. நான் ஓரமாகக் குனிந்ததும் கத்தினாய்:

"வாந்தி எடுத்தியோ, எடை கொறஞ்சிரும்! முழுங்குடா!"

முழுங்கினேன்.

மூன்றாவதாகக் கரை சேர்ந்தோம். தராசு அசைந்து நிற்கும்வரை நீ மூச்சே விடவில்லை. சட்டம் கேட்ட எடைக்கு மேலே அரைக் கிலோ. அது என் ரோல்ஸ்தான்! நடுவர் என்ஜினைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார்.

"மிச்சம் இதுங்க சார்" என்று என் தோளில் கைபோட்டாய். கொழுந்து பறிக்கச் சொன்னவனே வந்து உன் கையைக் குலுக்கினான்.

டாக்டர் பத்துக் கிலோ குறைக்கச் சொல்கிறார். ஒன்பதரைக்குத்தான் சம்மதித்திருக்கிறேன்.