நண்டுப் பாட்டும் நாலு கம்பியும்

ஜனவரி 19, திங்கள்

பனி. பஸ் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியாகிவிட்டதா என்று கண்டக்டரே பயணிகளைக் கேட்டுக்கொண்டு வந்தார். சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் ஸ்டாஃப் மீட்டிங் தொடங்கிவிட்டது. கடைசி நாற்காலி, கதவோரம். அதுதான் வினை.

கரஸ்பாண்டண்ட் மேடம் மேசைமேல் ஒரு உக்குலேலே. மகன் பாண்டிச்சேரியில் வாங்கிக்கொடுத்தாராம். கைக்குழந்தை அளவு கிட்டார், நான்கு கம்பி. 31-ம் தேதி பேரண்ட்ஸ் டே. யு.கே.ஜி. பிள்ளைகள் பாட, ஒரு மிஸ் இதை வாசிக்க வேண்டும். எல்லா மிஸ்களும் வரிசையாகக் காரணம் சொன்னார்கள். மாமியார். நகம். முட்டி வலி (வாசிக்க முட்டி எதற்கு?). என் முறை வந்தபோது நல்ல காரணங்கள் தீர்ந்துபோயிருந்தன. பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் சம்மதமாம். மீட்டிங் மினிட்ஸில் எழுதிவிட்டார்கள்.

கீபோர்டு மாஸ்டர் செல்வகுமார் சார் சிரித்தார். "எதுக்கும் நான் ஒரு ட்ராக் ரெடி பண்ணி வெச்சிக்கிறேன் மேடம். ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்."

மேடம்: "ஒத்திகைல பாப்போம். சுகன்யாவுக்கு வந்தா சுகன்யா. வரலன்னா ட்ராக்."

தப்பிக்க வழி கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

வாங்க வேண்டியது: சாக்பீஸ், தலைக்கு கிளிப், தைரியம்.

ஜனவரி 20, செவ்வாய்

வீடியோ பார்த்துப் பாடம். C என்ற கார்ட் (chord), அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள். ஒரே விரல். பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. நான் மேதை என்று நினைத்தேன். Am, அதுவும் ஒரே விரல். மேதைதான். F, இரண்டு விரல். G7, மூன்று விரல், முக்கோணம். மேதை இல்லை.

C-யிலிருந்து G7-க்குப் போக எனக்கு ஆகும் நேரத்தில் அம்மா ஒரு சங்கரா மீனைச் செதில் எடுத்து முடித்துவிட்டாள்.

"இன்னாடி அது, கட்டைய சொறிஞ்சிக்கினு இருக்க?"

"ஸ்கூல் வேலைம்மா."

ஸ்கூல் வேலை என்றால் எங்கள் வீட்டில் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். படித்த ஒரே ஆள் என்பதில் உள்ள ஒரே வசதி.

விரல் நுனிகளில் கோடு விழுந்திருக்கிறது. குழம்பு ஊற்றிப் பிசைந்தபோது எரிந்தது.

ஜனவரி 22, வியாழன்

பஸ்ஸில் பயிற்சி. உக்குலேலேவை வெளியே எடுக்க வெட்கம். அதனால் இடது கை தண்ணீர் பாட்டிலின் கழுத்தில்: C, Am, F, G7. பக்கத்து சீட் அக்கா புதுச்சத்திரம் வரை பார்த்துக்கொண்டே வந்தார்கள். இறங்கும்போது மெதுவாக, "வாதமா பாப்பா? சின்ன வயசு. தைலம் போட்டு உருவுனா சரியாப்பூடும்."

மதியம் கம்ப்யூட்டர் லேப் காலி. இசைத் தியரி படித்தேன். ஒரு கார்டுக்கு மூன்று சுரம் போதுமாம். பிறகு ஏன் நான்கு கம்பி? பெரும்பாலும் மூன்றில் ஒன்று இன்னொரு தடவை வந்து நிற்கிறது. கல்யாண போட்டோவில் இரண்டு வரிசையிலும் நிற்கும் சித்தப்பா மாதிரி.

இந்த நான்கு கார்டுகளையும் 1, 6, 4, 5 என்று எண் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு எண்ணாக மனதில் நிற்கவில்லை. இப்படி எழுதிக்கொண்டேன்:

C நம் வீடு.
Am எதிர்வீடு, அஞ்சலை அத்தை வீடு. எப்போதும் சீரியல், எப்போதும் யாராவது அழுகை.
F கொஞ்ச தூரம், துறைமுகம் வரை.
G7 பஸ் ஸ்டாண்டு. அங்கே யாரும் குடியிருக்க முடியாது. கிளம்பி வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும்.

C-க்குப் பதில் வேறு சுரத்தில் ஆரம்பித்தாலும் இதே 1, 6, 4, 5. ஊர் வேறு, அத்தை அதே அத்தை.

டெஸ்ட் பேப்பர் திருத்த வேண்டியது மறந்துவிட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

வெயில். அப்பா கடலுக்குப் போய்வந்து மதியத் தூக்கம். நான் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி அருகே, மெதுவாக. பாட்டு நானே எழுதியது:

நண்டே நண்டே எங்க போற
பக்கமா ஏன் நடந்து போற
கடலப் பாத்து ஓடிப் போயி
அலை வருது அலை வருது
வந்துட்டேன் நான் வளைக்கு

கடைசி வரியில் C வர வேண்டும். 'அலை வருது'வில் G7. அங்கேதான் விரல் சிக்குகிறது. ஒவ்வொரு தடவையும் அங்கே வந்து நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். நான்கைந்து தடவை ஆகியிருக்கும். உள்ளேயிருந்து அப்பா:

"தோ பாரு, முடிச்சிட்டாவது நிறுத்து. தும்மல் வந்து வராத மாதிரி கீது. மனுசன் தூங்கறதா வேணாமா?"

சங்கீதம் தெரியாத அப்பாவுக்கே G7-ல் குடியிருக்க முடியவில்லை. தியரி உண்மைதான்.

சாயங்காலம் அஞ்சலை அத்தை வந்தது. அம்மாவிடம் ரகசியமாக, தெருவுக்கே கேட்கும்படி: "மாப்ள வீட்டுக்காரங்க எப்ப வர்றாங்க? பொண்ணு பாட்டு கத்துக்குதுன்னா சும்மாவா? எங்கிட்ட சொல்லக் கூடாதா அண்ணி?"

அம்மா இல்லை என்று சொன்னாள். அத்தை நம்பவில்லை. சற்று நேரத்தில் அம்மாவே நம்பவில்லை. என்னிடம் வந்து, "ஏய், எதுனா இருந்தா சொல்லிடு" என்றாள். வேறு வழியில்லாமல் பேரண்ட்ஸ் டே பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

"மேடைலயா? நீயா?"

அம்மா சிரிக்கவில்லை. எனக்குப் பட்டம் தபாலில்தான் வந்தது. மேடை ஏற வெட்கப்பட்டு விழாவுக்கே போகவில்லை. அம்மா அன்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு போட்டோகூட இல்லியே" என்று மட்டும் கேட்டாள். இப்போதும் ஒரே கேள்வி: "நாங்க வரலாமா?"

வர வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

பிள்ளைகளுடன் முதல் பயிற்சி. கணக்கு: அழுதது இரண்டு, சண்டை ஒன்று, உக்குலேலேக்குள் பென்சில் போட்டது தன்ஷிகா. தன்ஷிகாதான் சத்தமாகப் பாடுகிறாள். மற்ற எல்லோரும் அவள் வாயைப் பார்த்துப் பாடுகிறார்கள். அவள் நிறுத்தினால் வகுப்பே நிற்கிறது.

"மிஸ், நண்டு ஏன் வளைக்குப் போகுது?"

"அலை வருதுல்ல?"

"வெளிய நின்னு பாக்கலாம்ல?"

யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

செல்வகுமார் சாரின் ட்ராக் தயார். வயலின், தபேலா, குருவிச் சத்தம் எல்லாம் இருக்கிறது. நன்றாக இருக்கிறது. அதுதான் பிரச்சினை.

C - G7 இன்று நிற்காமல் வந்தது. யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 29, வியாழன்

அய்யோ.

ஸ்ருதி சேர்க்க செல்போன் ஆப். மேல் கம்பியைத் தட்டுகிறேன், முள் ஏறவே இல்லை. கம்பியை இறுக்கும் ஆணியை இன்னும் திருகினேன். ஏறவில்லை. இன்னும் திருகினேன். டப். நான் தட்டியது ஒரு கம்பி, திருகியது வேறு ஆணி என்று நினைத்தேன். இல்லை, ஆணி சரிதான். ஆப்பில் வேறு வாத்தியம் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். மேல் கம்பி அறுந்து கன்னத்தில் அடித்தது.

சிதம்பரத்தில் இரண்டு வாத்தியக் கடை. ஒருவர் வீணைக் கம்பி காட்டினார். இன்னொருவர், "இதுக்கு நாலு கம்பி எதுக்கு, மூணுல வாசிங்க" என்றார். பாண்டிக்குப் போக நேரமில்லை.

வீட்டில் முகத்தைப் பார்த்து அப்பா கேட்டார். காட்டினேன்.

"தங்கூஸ் நரம்புதான இது. தூண்டிலுக்குக் கட்றது. இதுக்கா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க?"

நரம்புச் சுருள் எடுத்தார். அறுந்த கம்பி மெல்லியது. அப்பா எடுத்தது இருப்பதிலேயே தடிமன்.

"அப்பா, மெல்லிசு வேணும்."

"மேல மெல்லிசு, நடுவுல தடிமனா? எவனோ மாத்திக் கட்டி உட்டுருக்கான். கயிறுன்னா ஒரு ஒழுங்கு வேணாம்?"

உக்குலேலேயில் அப்படித்தான் என்று சொல்லலாம். நுனியை லைட்டரில் உருக்கி, உருண்டையாக்கி, ஊதி, நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டிக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது. கட்டி முடித்ததும் ஸ்ருதி சேர்த்தேன். ஆப் பச்சை விளக்கு காட்டியது. அதே சுரம்தான், ஒரு மாடி கீழே, கட்டைக் குரலில். என் உக்குலேலேக்கு மீசை முளைத்துவிட்டது.

ஜனவரி 30, வெள்ளி

ஒத்திகை. மீசைக் குரல் கேட்டு செல்வகுமார் சார் நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவை ஓ.கே. இரண்டாவது தடவை மேல் கம்பி இறங்கிவிட்டது. திருகினேன். மறுபடி இறங்கியது. மாடு மாதிரி ஒரு சத்தம். பிள்ளைகள் சந்தோஷமாக அதையும் சேர்த்துப் பாடினார்கள்.

மேடம் பெருமூச்சு விட்டார். "நாளைக்கு ரெண்டும் இருக்கட்டும். சுகன்யா வாசிக்கட்டும். சார், நீங்க ஸ்பீக்கர் பக்கத்துல நில்லுங்க. எங்க நின்னுதோ அங்க ட்ராக் போட்டுடுங்க."

அதாவது நிற்கக் கூடாது.

புடவை: பச்சை. ஊக்கு அதிகம் எடுத்துவைக்க.

ஜனவரி 31, சனி

முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு சாப்பாடு.

ஷாமியானா. காற்று ஜாஸ்தி. அப்பா வெள்ளைச் சட்டையில், அம்மா பட்டில், கடைசி வரிசை. நடுவில் அஞ்சலை அத்தை. மாப்பிள்ளை வீட்டாரை அடையாளம் கண்டுபிடிக்க வந்ததாம்.

மேடையில் பிள்ளைகள் நண்டுக் கொடுக்கு மாட்டி நின்றார்கள். எனக்கு முன்னால் மைக். ஓரத்தில் செல்வகுமார் சார், ஸ்பீக்கர் பட்டன்மேல் விரல்.

இரண்டாவது வரியிலேயே மேல் கம்பி தொய்ந்தது. தெரிந்துவிட்டது. திருக வேண்டுமென்றால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் குருவிச் சத்தம். அப்போதுதான் கல்யாண போட்டோ சித்தப்பா ஞாபகம். Am-க்கும் F-க்கும் மேல் கம்பி வேண்டியதே இல்லை, அந்தச் சுரம் கீழேயும் இருக்கிறது. C-க்கும் G7-க்கும் ஒன்று குறையும். குறையட்டும். கீழ் மூன்று கம்பியை மட்டும் தட்டினேன். கடைக்காரர் சொன்னபடியே ஆயிற்று.

நன்றாகத்தான் போனது. 'அலை வருது அலை வருது'. அங்கே தன்ஷிகா கூட்டத்தில் தன் அம்மாவைப் பார்த்துவிட்டாள். பாட்டை நிறுத்திவிட்டு இரண்டு கொடுக்கையும் ஆட்டினாள். அவள் வாயைப் பார்த்துப் பாடும் அத்தனை வாயும் நின்றன.

G7. தட்டிக்கொண்டே இருந்தேன். G7, G7. ஷாமியானா முழுவதும் பஸ் ஸ்டாண்டு. செல்வகுமார் சாரின் விரல் அசைவது தெரிந்தது. கடைசி வரிசையில் அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, தும்மல் வராத முகத்துடன், மேடைக்கே கேட்கிற மாதிரி:

"முடிச்சிடுடி."

பாட வேறு ஆள் இல்லை. மைக் என் வாய்க்கு நேராகத்தான் இருந்தது. "வந்துட்டேன் நான் வளைக்கு" என்று பாடினேன். தனியாக. C. ஒரே விரல்.

என் குரல் ஸ்பீக்கரில் அப்படி இருக்கும் என்று தெரியாது. மோசமில்லை.

கைதட்டல். அப்பா உட்கார்ந்தார். அம்மா போட்டோ எடுத்திருக்கிறாள்: அவளுடைய கட்டைவிரல் பெரிதாக, ஓரத்தில் பச்சையாக நான்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா: "புது நரம்பு எளகும்தான். ரெண்டு நாள் ஈயக் குண்டு கட்டித் தொங்க உட்டுருக்கணும்." இதை இப்போது சொல்கிறார்.

அஞ்சலை அத்தை: "அந்த ஸ்பீக்கர் பக்கத்துல நின்னாரே, அவுரா?"

"இல்ல அத்தை."

"ஒன்னயே பாத்துக்கினு இருந்தாரு."

தன்ஷிகாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். வெளியே நின்று பார்க்கலாம்தான்.

கிளம்பும்போது மேடம் உக்குலேலேவைத் திருப்பிக் கேட்கவில்லை. இதோ, கட்டிலில் கிடக்கிறது. நானும் பேசாமல் இருந்தேன். அதையும் மினிட்ஸில் எழுதிக்கொள்ளட்டும்.